ஒரே சுற்றில் வெளிச்சம் ஏன் இரண்டு தடவை கூடுகிறது?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கருந்துளை ஒளியே விடாது என்கிறீர்கள். அப்படியென்றால் சிக்னஸ் எக்ஸ்-1 போன்ற எக்ஸ் கதிர் இரட்டை விண்மீனில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் ஏன் கூடிக் குறைகிறது? அதுவும் ஒரே சுற்றில் இரண்டு தடவை?"

அந்த 'இரண்டு தடவை'யைக் கவனித்தீர்களே, அதில்தான் விஷயமே இருக்கிறது.

எக்ஸ் கதிர் இரட்டை என்றால், கருந்துளை போன்ற அடர்த்தியான ஒன்றும் ஒரு சாதாரண விண்மீனும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு எக்ஸ் கதிர் வீசும் ஜோடி. சிக்னஸ் எக்ஸ்-1இல் நமக்குத் தெரிகிற ஒளி, கருந்துளைக்குத் துணையாக இருக்கும் பெரிய நீல விண்மீனுடையது. 5.6 நாளுக்கு ஒருமுறை இரண்டும் ஒரு சுற்று முடிக்கின்றன. கருந்துளை இழுக்கிற இழுப்பில் அந்த விண்மீன் உருண்டையாக இல்லாமல் முட்டை போல நீண்டுவிட்டது. ஒரு முட்டையை மேசைமேல் படுக்க வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் பெரிதாகத் தெரியும், முனைப் பக்கம் வந்தால் சின்ன வட்டம்தான். முழுச் சுற்றில் பக்கவாட்டு இரண்டு முறை வரும், முனையும் இரண்டு முறை வரும். வெளிச்சமும் அப்படித்தான். இங்கே எதுவும் எதையும் மறைக்கவில்லை. மாற்றமும் சில சதவீதம்தான்.

சரி, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற இன்னொரு எக்ஸ் கதிர் இரட்டைக்கு வாருங்கள். இதில் கருந்துளைக்குப் பதில் நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்துப்போன பெரிய விண்மீனின் மிக அடர்த்தியான மிச்சம். அங்கே கதை வேறு. 1.7 நாள் சுற்றில் வெளிச்சம் ஒரே ஒரு தடவைதான் ஏறுகிறது, ஆனால் ஏறத்தாழ நான்கு மடங்கு ஏறுகிறது! நியூட்ரான் விண்மீனிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் துணை விண்மீனின் ஒரு முகத்தை மட்டும் சூடாக்குகின்றன. அந்த முகம் நம் பக்கம் திரும்பும்போது பிரகாசம், முதுகைக் காட்டும்போது மங்கல்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்ததுதான். 35 நாளுக்கு ஒருமுறை இந்த எக்ஸ் கதிர் நமக்கு மங்கிப்போய், பிறகு திரும்ப வரும். அது அணைந்தே போகிறதா? இல்லை. மங்கியிருக்கும் நாட்களிலும் அந்த முகம் சூடாகவே இருக்கிறது, வெளிச்சம் வழக்கம்போல ஏறி இறங்குகிறது. அப்படியென்றால் கதிர் துணை விண்மீனுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நியூட்ரான் விண்மீனைச் சுற்றியுள்ள சாய்ந்த வாயுத் தட்டு, நம் பார்வையை மட்டும் மறைக்கிறது.

அப்புறம், சில இரட்டைகளில் இப்படிப்பட்ட வாயுத் தட்டே பளிச்சிடுவதும் உண்டு. வி404 சிக்னி என்ற கருந்துளை இரட்டை 2015 ஜூனில் திடீரென்று பொங்கியது. அப்போது அதன் வெளிச்சம் நிமிடக் கணக்கில் துடித்ததை 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி வைத்தே பார்க்க முடிந்தது.