திருப்பிக் கொடுக்கத்தான் வாங்குகிறோம்

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

காப்பகத்து நாயையோ பூனையையோ சில வாரங்கள் நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஃபாஸ்டர் செய்வது என்று இதற்குப் பெயர். இதை யாரிடம் சொன்னாலும் எனக்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. "ஐயோ, எனக்குப் பிராணிகள் என்றால் உயிர். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் அனுப்ப மனசு வராது." பாசத்தில்தான் மறுக்கிறார்கள், சரி. ஆனால் அந்தப் பாசத்தால் அந்த நாய்க்கு என்ன கிடைத்தது? இன்றைக்கு ராத்திரியும் அது கூண்டில்தான் படுக்கும்.

நம்முடைய பழைய அகப்பாடல்களில் செவிலித்தாய் என்று ஒருத்தி வருவாள். பெற்றவள் வேறு, வளர்த்தவள் இவள். பெண் தன் மனதுக்குப் பிடித்தவனோடு போய்விட்டால், காட்டுவழியில் எதிரே வருபவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டே போவாள். அழுகை அவளுக்கு வேலையின் ஒரு பகுதி. பிரிவு வரும் என்பதற்காக எந்தச் செவிலியும் குழந்தையைத் தூக்காமல் இருந்ததில்லை. நான் இந்த வேலையைச் செவிலி வேலை என்றுதான் சொல்வேன்.

காப்பகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அங்கே இருப்பவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு நல்ல காப்பகமானாலும் சத்தத்தை என்ன செய்வது? ஒரு நாய் குரைத்தால் மற்றவை சேர்ந்துகொள்ளும்; நாய்க்கொட்டடிகளில் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதற்குள் தூங்கிப் பாருங்கள். அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களைக் கவனித்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒன்றிரண்டு இரவு ஒரு வீட்டில் தங்கவைத்தார்கள், அவ்வளவுதான். அந்த இரவுகளில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்தது. இடையில் விழிக்காமல் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. "வீட்டு ருசியைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவது கொடுமை இல்லையா?" என்று கேட்பவர்களுக்கும் அதில் பதில் உண்டு. திரும்பிப் போனபோது அளவு பழைய நிலைக்குத்தான் வந்தது, அதைவிட மோசமாகவில்லை. கூண்டுக்கு நடுவே கிடைத்த லீவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு மட்டும்தானா என்றால், இல்லை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. காப்பகத்தில் யாருக்கும் அந்த நாயைத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லை.

என்னிடம் ஒரு பழுப்பு நிற நாய் வந்தான். அவனுடைய அட்டையில் "ஆட்களைக் கண்டால் குரைக்கும், கம்பியில் பாயும்" என்று இருந்தது. கொண்டுவந்த முதல் இரண்டு நாள் அவன் செய்தது ஒரே காரியம்: தூக்கம். தண்ணீர் குடிக்க எழுந்தான், ஒன்றுக்குப் போனான், மறுபடி சுருண்டுகொண்டான். நான் பேச்சுக் கொடுக்கவில்லை, தடவவில்லை, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. மூன்றாம் நாள் நான் வீடு கூட்ட ஆரம்பித்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். துடைப்பத்தை வைத்ததும் மூக்கு மட்டும் வெளியே வந்தது. அன்றைக்கு நோட்டில் எழுதினேன்: "துடைப்பம் என்றால் பயம். மின்விசிறி, தொலைக்காட்சிச் சத்தம் பரவாயில்லை. நாம் உட்கார்ந்தால் வந்து நம் பாதத்தின் மேலேயே உட்காருகிறான், எழுந்திருக்க விடுவதில்லை." தத்துக்கான அட்டையில் குரைக்கும் பாயும் என்பதை எடுத்துவிட்டு, இந்த வரிகளைப் போட்டார்கள். வயதான தம்பதி ஒன்று அந்தப் பாத வரியைப் படித்துவிட்டுத்தான் பார்க்க வந்தது. இன்றைக்கு அவர்கள் வீட்டில் இருக்கிறான். நான் செய்த வேலை என்ன? நோட்டில் நாலு வரி.

பூனைக்குட்டிக் கதை வேறு. அதில் தூக்கம் உங்களுக்குக் கிடையாது. தாயில்லாக் குட்டி பிறந்த முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டிப்பால், ராத்திரியும் சேர்த்து. பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடிதான் சரி. உடம்பு சில்லென்றிருக்கும் குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. சமையல் தராசில் தினமும் எடை பார்க்க வேண்டும். நாளுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் ஏறினால் நல்லது. ஒரு நாள் ஏறாவிட்டால்கூட உடனே போன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதன்முதலில் வந்த நான்கு குட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை. விடிகாலை மூன்று மணி, கண் சொருகுகிறது, கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துப் பால் கொடுத்துவிட்டேன். குட்டியைக் குப்புறத்தான் பிடிக்க வேண்டும், தாயிடம் குடிப்பதைப் போல. மூக்கில் வெள்ளையாக ஒரு துளி வந்தது. நுரையீரலில் இறங்கிவிட்டது. சொல்லித்தான் அனுப்பினார்கள், எழுதிய தாளும் கொடுத்தார்கள். தவறு என்னுடையது. மற்ற மூன்றும் வளர்ந்து வீடு போய்ச் சேர்ந்தன.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதன் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். புதிய நாய்க்குட்டியை இரண்டு வாரம் தனி அறையில், தனித் தட்டோடு வையுங்கள். நாய்க்குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்கு மசியாது. கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம்.

சரி, அனுப்பும் நாள். வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஃபாஸ்டர் செய்தவரே தத்தெடுத்துக்கொண்டால் எங்களுக்குள் 'ஃபாஸ்டர் ஃபெயில்' என்று கிண்டல் செய்வோம். நானும் ஒருமுறை ஃபெயில்தான். அந்தப் பூனை இப்போது என் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அவளுக்கு வேறு பூனைகளை ஆகவில்லை. அவள் வந்தபின் ஒரு வருடம் என்னால் ஒரு குட்டியைக்கூட எடுக்க முடியவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டேன், அறையை மூடிவிட்டேன். அந்த வருடம் எத்தனை குட்டிகளுக்கு 'இடமில்லை' என்று சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

உங்களால் ஒரு மாதம் முடியாது என்றால் ஒரு வார இறுதி போதும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பத்து நாள் அமைதியாகக் கிடக்க ஒரு மூலை தேடும் நாய்களும் உண்டு. வாசல் பக்க மேசையில் படிவம் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தீனிச் செலவும் மருத்துவச் செலவும் யாருடையது, எத்தனை நாளைக்கு, பொருந்தவில்லை என்றால் எப்போது திருப்பி எடுத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிற நம்பர் எது என்று கேளுங்கள். அந்த நம்பரை வாங்காமல் கூடையைத் தூக்காதீர்கள்.