மூன்றே ஆட்டம் ஆடியவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கால்பந்தை வாழவைப்பது நட்சத்திர வீரர்களா, ஊர் ஊராகப் போய் ஆடிய சாதாரண வீரர்களா? சாதாரண வீரர்களே என்று பேச வந்திருக்கிறேன். நிறைய எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னாரே: "ஜிம்மி கிளாஸ் எல்லாம் ஒரு வீரரா? கார்லைல் கிளப்புக்கு மூன்றே ஆட்டம் ஆடிய இரவல் ஆள்!" அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஆமாம் தம்பி, இரவல்தான். 1999இல் இங்கிலாந்தின் கார்லைல் யுனைடெட் கிளப் தன் கோல்கீப்பரை விற்றுவிட்டது. அவர் இடத்துக்கு இரவலாக வந்தவரையும் அவருடைய கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆள் எடுக்கும் கெடுவோ முடிந்துவிட்டது. லீக்கிடம் தனி அனுமதி வாங்கி, ஸ்விண்டன் டவுன் கிளப்பில் வாய்ப்பில்லாமல் இருந்த கோல்கீப்பர் கிளாஸைக் கூட்டிவந்தார்கள்.

மே 8, பருவத்தின் கடைசி ஆட்டம். அப்போதெல்லாம் இங்கிலாந்து லீக்கின் நான்காம் அடுக்கில் கடைசியாக வந்த அணி லீக்கை விட்டே வெளியே போகவேண்டும். கார்லைலோ 1928இலிருந்து லீக்கில் இருந்த ஊர். பிளைமவுத் ஆர்கைலுடன் 1-1, தொண்ணூறு நிமிடம் தீர்ந்தது. கார்லைலோடு சேர்ந்து கடைசி இடத்திலிருந்து தப்பப் போராடிய இன்னொரு அணி ஸ்கார்பரோ. அங்கே ஆட்டம் ஏற்கெனவே டிராவில் முடிந்து, பிழைத்துவிட்டோம் என்று அந்த ரசிகர்கள் கொண்டாடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

வீணான நேரத்துக்கு ஈடாகத் தருகிற காயநேரத்தில் நான்காவது நிமிடம். கார்லைலுக்கு ஒரு கார்னர். கோல்கீப்பர் கிளாஸ் ஓடுகிறார், தன் கோலை அப்படியே திறந்து போட்டுவிட்டு! கைதட்டலைக் கொஞ்சம் பொறுங்கள், பந்து இன்னும் உள்ளே போகவில்லை. கார்னர் வருகிறது, கார்லைலின் ஸ்காட் டோபி தலையால் முட்டுகிறார், பிளைமவுத் கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார். தடுத்த பந்து எங்கே வருகிறது? நம்ம ஆள் காலுக்கு! ஒரே உதை. இப்போது தட்டுங்கள்! இன்னொரு தடவை சொல்லட்டுமா? கோல் காக்க வந்த இரவல் ஆள், எதிர்க்கோலுக்கு ஓடிப்போய், கடைசி நொடியில் கோல் போட்டார்! கார்லைல் பிழைத்தது, ஸ்கார்பரோ லீக்கை விட்டு வெளியே! 7,000க்கும் மேற்பட்டோர் இருந்த அரங்கில் பாதிப்பேர் மைதானத்துக்குள். தம்பி, அன்று அங்கே உங்கள் நட்சத்திரம் ஒருவராவது இருந்தாரா?

அப்புறம் என்ன ஆனது? கார்லைலில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. கேம்பிரிட்ஜ், பிரென்ட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் என்று கிளப் கிளப்பாக அலைந்தார். முப்பது வயதுக்கு முன்பே தொழில்முறை ஆட்டம் முடிந்தது. டாக்சி ஓட்டிப் பிழைத்தார். அன்று வெளியே போன ஸ்கார்பரோ கிளப் கடனில் மூழ்கி 2007இல் கலைக்கப்பட்டது. ஒரு ஊரின் சனிக்கிழமைகளே போய்விட்டன! கார்லைலுக்கும் அந்தக் கதி வந்திருக்கலாம். அங்கே மகன் கையைப் பிடித்து அரங்குக்கு நடந்துபோன ஒவ்வொரு அப்பாவும் அந்த டாக்சிக்காரருக்குக் கடன்பட்டவர். நடுவர் அவர்களே, அவர் பெயரில் கோப்பைகள் குவிந்திருக்கவில்லை. அவருக்காக இந்தத் தீர்ப்பையாவது கொடுங்கள். நன்றி, வணக்கம்.