ஆல்தோ வந்தாச்சா? பட் வேண்டாம்

[திரையில்: ஒரு மெயில், வார்த்தை வார்த்தையாக டைப் ஆகிறது]

"ஆல்தோ தி ட்ரெய்ன் வாஸ் லேட், பட் ஐ ரீச்டு தி ஆபீஸ் ஆன் டைம்."

தாம்பரத்துல ரயில் லேட்டு, கிண்டி ஆபீசுக்கு நேரத்துக்கு வந்தாச்சு. சேதி புரியுது, வாக்கியம்தான் தப்பு. ஆல்தோ போட்டு ஆரம்பிச்சா, கமாவுக்கு அப்புறம் பட் வராது.

தமிழ்ல யோசிக்கறதாலதான் இப்படி எழுதறோம்னு சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். "ரயில் லேட்டா வந்தாலும் நேரத்துக்குப் போயிட்டேன்." இதுல 'ஆனா' எங்க இருக்கு? தமிழ்லயும் ஒண்ணுதான். என்ன, நம்ம 'ஆலும்' ரெண்டு பாதியும் சேர்ற இடத்துலயே இருக்கு. ஆல்தோ வாக்கியத்தோட ஆரம்பத்துலயே வந்துடுது. கமா வர்றதுக்குள்ள அது மறந்துபோய், சேர்ற இடம் காலியா தெரியுது. கை தானா ஒரு பட் போட்டுடுது.

[திரையில்: 'பட்' மேல் சிவப்புக் கோடு]

பட்டை எடுத்துடுங்க. இல்ல, ஆல்தோவை எடுத்துட்டு பட்டை வச்சுக்கோங்க. ரெண்டும் சரி, ஆனா தொனி வேற. பட் போட்டா ரயிலும் ஆபீசும் சமமா நிக்கும். ஆல்தோ போட்டா ரயில் பின்னால போயிடும், நீங்க நேரத்துக்கு வந்தது முன்னால நிக்கும். மேனேஜருக்கு எழுதறப்போ எது வேணும்னு நான் சொல்லணுமா?

'ஈவன் தோ'வுக்கும் இதே சட்டம். அதை ரெண்டு வார்த்தையா பிரிச்சு எழுதுங்க.

இதே அர்த்தம் தர்ற டெஸ்பைட் பக்கத்துல 'ஆஃப்' கிடையாது. 'இன் ஸ்பைட்'டுக்குத்தான் ஆஃப். "டெஸ்பைட் தி ரெயின்" சரி. "டெஸ்பைட் இட் ரெயின்டு" தப்பு.

[திரையில்: "இட் ரெயின்டு ஆல் நைட், ஹவெவர் தி ஸ்கூல்ஸ் வேர் ஓபன்."]

ராத்திரி பூரா மழை, ஆனா ஸ்கூல் உண்டு. வேளச்சேரிக்காரங்களுக்கு இந்தக் கடுப்பு தெரியும். படிச்சவங்க எழுதற மெயில்லயும் இந்தத் தப்பு நிறைய வருது. ஹவெவர் இங்க இணைப்புச்சொல் இல்ல, வினையடை. ரெண்டு வாக்கியத்தை ஒட்டவைக்கற பலம் அதுக்குக் கிடையாது. அதனால 'நைட்'டுக்கு அப்புறம் கமா போதாது. முற்றுப்புள்ளி இல்லன்னா அரைப்புள்ளி வேணும். ஹவெவருக்கு அப்புறம் ஒரு கமா. கமா இல்லாம "ஹவெவர் ஹார்டு ஐ ட்ரை"ன்னு வந்தா, அங்க ஹவெவருக்கு அர்த்தமே வேற: "எவ்வளவு முயற்சி பண்ணாலும்".

பட்டை வச்சு வாக்கியத்தை ஆரம்பிக்கலாமா? கூடாதுன்னு ஸ்கூல்ல அடிச்சுச் சொல்லியிருப்பாங்க. அப்படி ஒரு இலக்கண விதியே இல்ல. தாராளமா ஆரம்பிங்க. பட்டுக்கு அப்புறம் மட்டும் கமா போட்டுடாதீங்க.