பச்சை விளக்குக்கும் கிளட்சுக்கும் நடுவே

நடுவர் அவர்களே, கிருஷ்ணகிரி, தருமபுரி கார் பிரியர்களே, வணக்கம்.

"டிராக் ரேஸில் ஜெயிக்க வைப்பது இன்ஜின் டியூனிங்கா, ஓட்டுபவரின் கையா?" இதுதான் தலைப்பு. டிராக் என்றால் இங்கே drag: இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்து லேனில், நேர்கோட்டில் ஓடும் பந்தயம். நான் கையின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ரீமேப் (இன்ஜினை ஆளும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது), டர்போ பூஸ்ட், பெரிய இன்டர்கூலர் என்று அடுக்கிவிட்டு, "40 குதிரைத்திறன் கூடுதலாக வைத்திருப்பவனிடம் வெறும் கை என்ன செய்யும்?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

சரி, அந்த 40 எங்கே போகிறது? நம்மில் பலரிடம் இருப்பது முன்சக்கரம் இழுக்கும் கார். வேகமாகக் கிளப்பினால் பாரம் பின்னால் சாயும், முன்சக்கரம் லேசாகிவிடும். மாங்காய் மண்டிக்கு வரும் மினி லாரிக்காரரைக் கேளுங்கள்: காலி வண்டி சேற்றில் சக்கரம் சுற்றும், லோடு ஏற்றினால் பிடித்துக்கொண்டு ஏறும். நம் காரில் கதை தலைகீழ். பிடி எங்கே வேண்டுமோ அங்கேதான் பாரம் குறைகிறது. அங்கே போய் டார்க்கை, அதாவது சக்கரத்தைச் சுற்றும் விசையை, ஏற்றினால் டயர்தான் தேயும்.

நானே பட்டிருக்கிறேன். ரீமேப் செய்த புதுசு. மூடிய ஓடுதளம், பக்கத்து லேனில் கை வைக்காத சாதாரண பெட்ரோல் கார். கிளட்சை விட்டேன். ஆர்பிஎம் முள் சிவப்புக் கோட்டுக்குத் தாவியது, ரப்பர் வாடை மூக்கில் ஏறியது, கார் மட்டும் நின்ற இடத்தை விட்டுப் போகவே இல்லை. நான் ஆக்சிலரேட்டரில் இருந்து காலைத் தளர்த்துவதற்குள் அவர் பின்விளக்கைக் காட்டிவிட்டார். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தில் முதல் 18 மீட்டரிலேயே நான் முடிந்துபோனேன். (இதைப் பைபாஸிலோ தொப்பூர் கணவாயிலோ பழகலாம் என்று எந்தத் தம்பியும் கிளம்ப வேண்டாம். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் குற்றம். அதுவும் தொப்பூர், லாரிக்காரர்களே கியரைக் குறைத்து பயந்து பயந்து இறங்குகிற இறக்கம்.)

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். டிராக் ரேஸில் ஓட்ட நேரம் பச்சை விளக்கு எரிந்ததும் ஓட ஆரம்பிப்பதில்லை. காரின் முன்சக்கரம் தொடக்கக் கோட்டு ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான் ஆரம்பிக்கும். ஆனால் வெற்றி, முடிவுக் கோட்டை முதலில் தொடுபவருக்கு. எதிரணித் தலைவரின் கார் 13.8 விநாடியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். என் கார் 14.0. பச்சை விழுந்து 0.5 விநாடி கழித்து அவர் நகர்கிறார், நான் 0.1-இல். கூட்டுங்கள்: அவருக்கு 14.3, எனக்கு 14.1. வேகமான கார் அவருடையது, கோப்பை என்னுடையது! அவசரப்பட்டுப் பச்சைக்கு முன்பே நகர்ந்தால் சிவப்பு எரிந்து நானே அவுட், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதுவும் கையின் சமாச்சாரம்தானே?

அந்த 0.4 விநாடியை எந்த ரீமேப்பில் எழுதி வாங்குவது? அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி லேப்டாப்பைத் திறந்து பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.