காற்று எழும்ப முதல் பண்ணைப் பாலத்தடிக்கு வாருங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்து எங்கள் சைக்கிள் கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கச் சொல்லி வானொலி நிலையத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். கழகம் என்றவுடன் உடம்போடு ஒட்டின உடுப்பும் மினுங்குகிற கண்ணாடியும் போட்டுக்கொண்டு காங்கேசன்துறை வீதியில் பறக்கிற ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இரண்டு மூன்று பெடியள் எங்களிடமும் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் மிச்சப்பேர் எல்லாம் கரியரில் சந்தைப் பையைக் கட்டிக்கொண்டு போகிற சாதாரண சனம். இன்னுமொன்று, சைக்கிள் என்று சொன்னால் தேர்தல் சின்னமோ என்று கேட்கிற ஊர் இது. அதுவும் இல்லை. வாக்குக் கேட்டு வரமாட்டோம், சந்தாக் காசு கேட்டு மட்டும் வருவோம்.

நாங்கள் ஒன்றுசேர்ந்ததே 2022இல், பெற்றோல் இல்லாத காலத்தில்தான். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்குகிற பங்கீட்டு முறை வந்த ஆண்டு. வீட்டுக் கோடிக்குள் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன, புதுச் சைக்கிளுக்கு விலை கேட்டவர்கள் கேட்ட கையோடு திரும்பி வந்தார்கள், வங்கியில் வேலை செய்கிறவர்களும் வாத்திமாரும் கந்தோர்க்காரரும் ஒரே நேரத்தில் பெடல் மிதித்ததை அப்போதுதான் திரும்பவும் பார்த்தோம். பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் பழையபடி கோடிக்குப் போய்விட்டன. போகாமல் மிஞ்சினவர்கள்தான் இன்றைக்கு இந்தக் கழகம்.

எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்து மாதாமாதம் வயிற்றைக் கட்டிக் காசு கட்டுகிற ஒருவர், சைக்கிளில் வருகிறவரை மறித்து, "ஏன் அண்ணை, பைக் பழுதோ?" என்று கேட்பார். பழுதில்லை, நான் சைக்கிளில்தான் வருகிறேன் என்றால் முகத்தில் ஒரு இரக்கம் வரும். சைக்கிள் ஓடுவது வசதியில்லாததன் அடையாளம் என்று எங்கள் சனம் எப்போது முடிவெடுத்தது என்று தெரியவில்லை. 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் வரவிடவில்லை, எரிபொருளும் இல்லை என்றிருந்த ஆண்டுகளில் இந்தக் குடாநாட்டை இழுத்தது சைக்கிள்தானே? நோயாளியை ஏற்றினதும் அதில்தான், விறகு ஏற்றினதும் அதில்தான். இரவில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் எடுத்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றி பிபிசி தமிழோசை கேட்ட வீடுகள் எத்தனை! எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை என்னுடையது. கை களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் அப்படியே இறங்கிப் போகும், உள்ளுக்கிருந்து "டேய், சுத்தடா" என்று சத்தம் வரும். வானொலியில் வந்து சைக்கிளைப் பற்றிப் பேச எனக்கு அந்த ஒரு தகுதியாவது இருக்கிறது.

சரி, கழகத்துக்கு வருவோம். நாங்கள் ஓடுகிற முறை லேசானது: ஆக மெதுவாக ஓடுகிறவர் முன்னுக்கு. வேகமானவர்கள் அவருக்குப் பின்னால், பொறுமையோடு. கடைசியாக வருகிறவரிடம் பம்பும் ஒட்டுச் சாமானும் இருக்கும். இப்போது அந்த இடம் கொக்குவில் பக்கத்து ஐயா ஒருவருடையது, ஓய்வுபெற்றவர், பழைய 28 அங்குலச் சைக்கிள். காற்றுப் போனால் ரியூப்பை அமத்திப் பார்க்கத் தண்ணீர்ச் சட்டி தேட மாட்டார். கொஞ்சம் காற்றடித்து, கன்னத்துக்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்த்துவார், ஓட்டை வந்த இடத்தில் "ஆ, இந்தா" என்பார். பிறகு அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசி, அது காயும் வரைக்கும் ஒரு பழங்கதை சொல்லி, ஒட்டிவிடுவார். இளம் பெடியள் இப்போது அவரிடம் இதைப் பழகுகிறார்கள், பழகி முடிந்தவர் எவரும் இல்லை.

பிரதான வீதியில் ஒருவர் பின் ஒருவர்தான், சோடியாகக் கதைத்துக்கொண்டு ஓட விடமாட்டோம். இன்னொன்று ரயில் கடவை. 1990இல் நின்றுபோன ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது, நல்ல விசயம், ஆனால் இடையில் 24 ஆண்டு தண்டவாளம் பார்க்காத சனம் கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கத்தையே விட்டுவிட்டது. காவலாளி இல்லாத கடவை என்றால் எங்கள் ஆட்கள் எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, போகட்டும்.

வருகிற ஞாயிறு குறிகட்டுவான் போகிறோம். பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு கடலுக்கு நடுவே போகிற புங்குடுதீவுப் பாதை, அது முடிந்து இறங்குதுறை. ஒரு வழிக்கு 30 கிலோமீற்றர் அளவில் வரும். தூரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எங்கள் குடாநாட்டில் ஏற்றம் இறக்கம் என்று ஒன்றுமில்லை, எங்களுக்கு மலை என்றால் காற்றுத்தான். இப்போது சோளகம். தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, நாங்கள் போகிற திசையும் அதேதான், ஆகவே போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். புது ஆட்களுக்கு இந்தப் பருவம்தான் தீவுப்பக்கம் நல்லது என்று நான் நினைக்கிறேன். மார்கழியில் வாடைக்காற்றோடு போனால் போகும்போது ராசா மாதிரி இருக்கும், திரும்பும்போதுதான் அழுகை வரும். விடிய வெள்ளனப் புறப்பட்டால் காற்று எழும்ப முதல் வேலணை தாண்டிவிடலாம், மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கட்டித் தடிகளுக்கு நடுவே வள்ளங்கள் திரும்பி வருவதையும் பார்க்கலாம்.

வந்து சேர்ந்தவுடன் படுக்காமல் ஒரு வேலை செய்யுங்கள். கடலோரம் ஓடின சைக்கிளை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணெல்லாம் பிடித்துக்கொள்ளும். தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய் போதும்.

அடுத்தது நல்லூர்த் திருவிழா. 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மறித்திருக்கும், சுற்றுவட்டத்து வீட்டு வளவுகள் எல்லாம் சைக்கிள் பாதுகாப்பு நிலையமாக மாறிவிடும், சைக்கிள் விட்டதற்குத் தந்த இலக்கத் துண்டைத் துலைத்துவிட்டு நடுச்சாமத்தில் நூற்றுக்கணக்கான கறுப்புச் சைக்கிளுக்குள் தன்னுடையதைத் தேடுகிற ஆட்களை ஒவ்வொரு வருடமும் காணலாம். இம்முறை அப்படியான வளவு ஒன்றில் பின்னேரங்களில் எங்கள் ஆட்கள் பம்போடும் நட்டுக் கழற்றுகிற சாவிகளோடும் இருப்பார்கள். காற்றுப் போனதற்கும் செயின் கழன்றதற்கும் காசு இல்லை, ரயர் வெடித்ததற்கு மட்டும் கடைக்குத்தான் போகவேண்டும். கச்சான் வாங்கித் தந்தால் மறுக்கமாட்டோம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் பார்க்கிற சனிக்கிழமையும் வருகிறது. பிறேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிற சைக்கிளில் பிள்ளை பருத்தித்துறை வீதியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடுகிறது, தாய் தகப்பனுக்குத் தெரியாது. பிறேக், பெல், சீற் உயரம், பின் மட்காட்டில் மினுங்குகிற ஸ்ரிக்கர், இந்த நாலையும் பார்த்து அனுப்புவோம். இரவு ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஸ்ரிக்கர் உயிர் காக்கிற சாமான், விலை ஒரு றோல்ஸ் காசுகூட வராது. உங்கள் கோடிக்குள் ஓடாத சைக்கிள் கிடந்தால் அதையும் கொண்டுவந்து தாருங்கள், இரண்டு சைக்கிளைக் கழற்றி ஒன்றாக்கி, தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற பிள்ளைக்குக் கொடுப்போம்.

பெண்களுக்கு இங்கே நான் சைக்கிள் பழக்கத் தேவையில்லை, எங்கள் ஊர் அம்மாமார் சேலையோடு ஓடினவர்கள். ஆனால் கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்து பத்துப் பதினைந்து வருடம் ஓடாமல் விட்டவர்கள் திரும்ப ஏறப் பயப்படுகிறார்கள். அவர்களுக்காகவே எங்கள் கழகத்து அக்காமார் புதன்கிழமைப் பின்னேரங்களில் சனம் குறைந்த ஒழுங்கைகளில் ஓடுகிறார்கள், ஆம்பிளைகள் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

நெடுந்தீவு எப்போது என்று கேட்கிறவர்களுக்கு: இப்போது இல்லை. சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போகலாம், அந்தக் கல்வேலிகளுக்கு நடுவே ஓட அருமையாகவும் இருக்கும், ஆனால் சோளகக் கடலில் ஒரு மணித்தியாலம் படகில் இருந்துவிட்டு இறங்கி ஓடுகிற வயிறு எல்லாருக்கும் கிடையாது. பங்குனி சித்திரையில் கடல் அடங்கினபிறகு பார்ப்போம்.

ஞாயிறு விடிய ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தடியில் நிற்போம், ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டுவிடுவோம். கியர்ச் சைக்கிள், பழைய சைக்கிள், மகளுடைய லேடீஸ் சைக்கிள், எதுவென்றாலும் சரி. முதல்நாளே ரயருக்குக் காற்றடித்து வையுங்கள், ஒரு போத்தல் தண்ணீரும் தொப்பியும் கொண்டுவாருங்கள். குறிகட்டுவானில் வடையும் பிளேன்ரீயும், அந்தச் செலவு அவரவருடையது.