ஒரு வரிக்கு ஒரு பெயர்

(கோவையில், கணவன் மனைவியாகச் சேர்ந்து தொழில் நடத்துகிறவர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. பாதிப் பேர் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று சொன்னார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் 2011-இல் விளம்பர ஏஜென்சி ஆரம்பித்தோம். வாடகை வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அவர் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் எட்டு வருஷம் இருந்தவர். நான் வேறொரு ஏஜென்சியில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ள கடைக்காரர்களை அவருக்குத் தெரியும், எழுத எனக்குத் தெரியும். வேறென்ன வேண்டும் என்றுதான் இருந்தோம்.

மூன்றாம் வருஷம் ஆடி மாதம். டேபிள் டாப் கிரைண்டர் செய்யும் ஒருவருக்குக் கால் பக்கக் கலர் விளம்பரம், மறுநாள் காலைப் பேப்பரில் வரவேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு டிசைனர் கடைசி ப்ரூஃபை, அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் படியை, இரண்டு பேருக்கும் அனுப்பினார். நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் காந்திபுரத்தில் இன்னொரு கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். விலையை அவர் பார்ப்பார் என்று நான் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓகே போட்டேன். எழுத்து விஷயமெல்லாம் அவள் பார்த்திருப்பாள் என்று அவரும் ஓகே போட்டார். 3,490 ரூபாய் என்று வரவேண்டிய விலை 2,490 என்று அச்சாகிவிட்டது.

காலை பத்து மணிக்குக் கடை வாசலில் ஆட்கள், கையில் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு. கடைக்காரர் எங்களைத் திட்டவில்லை. "பேப்பர்ல போட்ட வெலைங்க. வந்தவங்களத் திருப்பி அனுப்ப மனசு வர்ல" என்றார். அன்று சாயங்காலம் வரை அந்த விலைக்கே கொடுத்தார். அறுபத்தொரு கிரைண்டர். வித்தியாசம் 61,000 ரூபாய். அதை நாங்கள்தான் ஏற்றோம், நான்கு தவணையில். அந்த வருஷம் எங்களுக்கு அது பெரிய பணம்.

பணத்தைவிட எனக்கு உறுத்தியது அந்த இரண்டு ஓகே. தெரியாத இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: நீ பார்த்தாயா, எதைப் பார்த்தாய் என்று. நாங்கள் கேட்கவே இல்லை. வீட்டில் எப்படிக் கேட்காமலே ஒருவர் பால் வாங்கி வைத்திருப்போமோ, அதே பழக்கத்தை ஆபீசுக்கும் கொண்டுவந்துவிட்டோம். கணவன் மனைவி தொழிலில் சண்டைதான் ஆபத்து என்பார்கள். எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது இந்தக் கேட்காத பழக்கம்தான்.

மறுநாள் அவர் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி வந்தார். வரி வரியாக எழுதினோம். வாசகம், விலை, தேதி, போன் நம்பர், ரிலீஸ் ஆர்டர் (விளம்பரத்தைப் போடச் சொல்லிப் பேப்பருக்குக் கொடுக்கும் கடிதம்), பில், வசூல், சம்பளம், ஆள் எடுப்பது. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரே ஒரு பெயர். "ரெண்டு பேரும்" என்று ஒரு வரியிலும் எழுதக் கூடாது. அந்தப் பெயருக்கு உரியவர் சொன்னதே கடைசி. மற்றவர் ஆலோசனை சொல்லலாம், மாற்றக் கூடாது.

எழுதுவது சுலபமாக இருந்தது, அதன்படி நிற்பதுதான் கஷ்டம். விலை பேசுவது அவர் வரி. என் பள்ளித் தோழி ஒருத்தி துணிக்கடை வைத்து எங்களிடம் வந்தாள். குறைத்துக் கொடுங்கள் என்று வீட்டில் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார். தோழியிடம் போய்ச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு தலைப்பை, என் வரி என்பதற்காக ஒரு எழுத்தும் மாற்றாமல் பேப்பருக்கு அனுப்பியிருந்தார். அதை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், வெளியாட்களுக்கும் இது தெரிய வேண்டும். ஆரம்பத்தில் போனை நான் எடுத்தால், "சார் இல்லீங்களா மேடம்?" என்பார்கள். எழுத்து விஷயமாகத்தான் இருக்கும், அதை எழுதியதும் நானாகத்தான் இருப்பேன். பல வருஷம் அவர் வாங்கிப் பேசி, என்னைக் கேட்டு, திரும்ப அவர்களுக்குச் சொல்வார். ஒருநாள் நிறுத்தினார். "அதுக்கு அவங்ககிட்டத்தானுங்க பேசணும், எனக்குத் தெரியாது" என்று போனை என் கையில் கொடுத்தார். முதல் முறை எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. நான்கைந்து தடவை இப்படி ஆன பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. இங்கே இருக்கும் ஆண்களிடம் இதை ஒரு வேண்டுதலாகவே கேட்கிறேன்: போனை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் மேடையில் நூறு தடவை மனைவியைப் பாராட்டுவதைவிட அது பெரிது.

விளம்பரத் தொழிலில் இதற்கு நூறு வருஷத்துக்கு முந்தின உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்லி ரீசர், ஹெலன் லேன்ஸ்டவுன் ரீசர் என்று ஒரு தம்பதி. 1908-இல் ஜே. வால்டர் தாம்ப்சன் ஏஜென்சியின் சின்சினாட்டி கிளையை நடத்த ஸ்டான்லி போனபோது, வாசகம் எழுத ஹெலனை எடுத்தார். வுட்பரி சோப்புக்கு ஹெலன் எழுதிய விளம்பரம் 1911-இல் வந்தது. தொடத் தோன்றும் சருமம் என்பதுதான் அதன் சாரம். 1916-இல் ஸ்டான்லியும் கூட்டாளிகளும் அந்த ஏஜென்சியையே 5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள், மறுவருஷம் இவர்கள் கல்யாணம். நிர்வாகம் அவர், விளம்பரம் ஹெலன். பெண்கள் வாங்கும் பொருளுக்குப் பெண்களே எழுதட்டும் என்று ஒரு தனிப் பெண்கள் குழுவையே ஹெலன் வளர்த்தார். அந்த ஏஜென்சி 1929-இல் பம்பாய்க்கும் வந்தது. தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஸ்டான்லி. இன்றைக்கு விளம்பரம் படிக்கிறவர்கள் பாடமாகப் படிப்பது ஹெலன் எழுதியதை.

வீட்டில் தொழில் பேசாதீர்கள் என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை தப்பாகப் போட்டோமே, அதே கிரைண்டர்காரர் எங்களை விட்டுப் போகவில்லை. அடுத்த வருஷமும் வந்தார். மோட்டார், வாரண்டி, ஸ்டீல் டிரம் என்று மற்றவர்கள் சொல்வதையே நானும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். ஓட்டத்தை நிறுத்திவிட்டு உளுந்து மாவுக்குள் புறங்கையை வைத்துப் பார்த்தார். எதற்கு அத்தை என்று கேட்டேன். "சூடு ஏறியிருக்கான்னு பாக்கறேன் கண்ணு. மிக்ஸியில அரைச்சா சுட்டுரும், அப்புறம் மாவு பொங்காது." கல்லில் மெதுவாக அரைபடுகிற மாவு அவ்வளவாகச் சூடாகாது. அதற்காகத்தானே வீட்டில் மிக்ஸி இருந்தும் கிரைண்டர் வாங்குகிறோம்! "கை வெச்சுப் பாருங்க" என்று தலைப்பு, மாவுக்குள் ஒரு வயதான கை, அவ்வளவுதான் விளம்பரம். வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். வீட்டில் தொழில் பேசக் கூடாது என்று இருந்திருந்தால் திங்கட்கிழமை வரை அது மனசில் நின்றிருக்காது. நாங்கள் வீட்டில் பேசாதது ஒன்றே ஒன்று: வராத பணத்தைப் பற்றி, ராத்திரி சாப்பிட்ட பிறகு.

பணம் என்றதும் ஒரு நாள் ஞாபகம் வருகிறது. 2015-இல் வீட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனோம். நிறுவனம் அவர் பெயரில் இருந்தது, வரி கட்டுவதும் அவர் பெயரில். அதிகாரி என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வருமானம் ஏதும் இருக்குங்களா மேடம்?" என்றார். நான்கு வருஷம் தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தவள் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று அதிகாரியே எழுதிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, காகிதத்தில் நான் இல்லை.

திரும்பி வரும் வழியிலேயே ஆடிட்டரைப் பார்த்தோம். 1932-ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ், பாதிக்குப் பாதி என்று பத்திரம் எழுதினோம். சம்பளம் இருவருக்கும் எவ்வளவு என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொன்னார். அப்படி எழுதினால்தான் வருமான வரியில், வரம்புக்கு உட்பட்டு, அதைச் செலவாகக் காட்ட முடியும். 2025 ஏப்ரலில் இருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கூட்டாளிக்கு நிறுவனம் கொடுக்கும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே வரி, பிடிக்க வேண்டும். பத்திரத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது, அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. பாக்கி வசூலிக்க வக்கீலிடம் போய் உட்கார்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

பாக்கிதான் இந்தத் தொழிலின் நோய். எங்கள் பில்லுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிற எங்களைப் போன்றவர்கள், பில் போட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், கடைக்காரர் பணம் தந்தாலும் தராவிட்டாலும். ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு 18,000 நம் கையிலிருந்து போகும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருந்தால், எழுத்தில் என்ன கெடு வைத்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று 2006-ஆம் வருஷச் சிறு தொழில் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. தாமதித்தால், வருமான வரிச் சட்டப்படி, வாங்குபவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் வரிக்கணக்கில் காட்ட முடியும். இந்த வரி விதி வந்த பிறகு மார்ச் மாதத்தில் சிலர் தாங்களே கூப்பிட்டுப் பணம் தருகிறார்கள். இன்னொன்று, கூகுள், ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு உங்கள் கிரெடிட் கார்டைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் கார்டு அவர்கள் கணக்கில் இருக்கட்டும். நாங்கள் ஒரு தீபாவளிக்கு எங்கள் கார்டில் ஓட்டிவிட்டு, பொங்கல் வரை வட்டி கட்டினோம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மற்ற வீடுகளில் ஒருவர் சம்பளம் நின்றால் இன்னொருவர் சம்பளம் இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே பானை. 2020 மார்ச் கடைசியில் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் ஒரே நாளில் அடைத்தபோது, எங்கள் இரண்டு வருமானமும் ஒன்றாக நின்றது. அன்றிலிருந்து எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்த பில்லில் கால் பங்கைத் தாண்ட விடுவதில்லை. ஆறு மாதச் சம்பளப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது. அதை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். நோட்டில் இரண்டு பெயர் உள்ள ஒரே வரி அது.

ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நாங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு வாரம். அன்று விலை தப்பாக அடித்தாரே, அதே டிசைனர் என் மேஜைக்கு வந்து நின்றார். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்களுக்குள்ள சண்டைன்னா நாங்க எந்தப் பக்கம் போறதுங்க?" என்றார். மூன்று பிள்ளைகள் வேறு வேலை தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் சத்தம் போட்டுச் சண்டை போட்டதே இல்லை. ஆனால் அந்த அமைதியில் அவர்களுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அன்றைக்கே அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினோம். எந்த வேலைக்கு யாரிடம் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்களுக்குள் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் வேலை நடக்கும்.

போன வருஷம் ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள்ல ஒருத்தர் இல்லாமப் போனா?" இரண்டே பேர் உள்ள கூட்டு நிறுவனத்தில் ஒருவர் இறந்தால் அதோடு அது கலைந்துவிடும். ஒருவரை மட்டும் வைத்துக் கூட்டு கிடையாது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார், நான் பேனாவை மூடி மூடித் திறந்தேன். பதினைந்து பேர் அந்த ஆபீசை நம்பி இருக்கிறார்கள். நாம் துக்கத்தில் இருக்கும் மாதத்தில் அவர்களுக்குச் சம்பளம் யார் போடுவது? வீட்டுக்கு வந்து அந்த நோட்டை எடுத்தோம். எந்தெந்த வரியை யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம், ராத்திரி ஒரு மணி ஆயிற்று.

இந்த ஏப்ரலில் புதுப் பத்திரம் எழுதினோம். ஒருவர் போனாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று அதில் ஒரு பத்தி இருக்கிறது. மூன்றாவது கையெழுத்து அந்த டிசைனருடையது. எந்தப் பக்கம் போவது என்று கேட்டவர். அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். விலை, தேதி, போன் நம்பர் மூன்றும் இப்போது அவர் வரி.