"நல்லா இருக்கேம்மா"ன்னு மட்டும் சொல்லி வச்சிராதீங்க
(இந்த வருசம் கெம்பஸ் போற பிள்ளைகளுக்கும் அவங்க வீட்டாளுங்களுக்கும் ஹட்டன்ல பேசினது)

அப்பாமாரே, அம்மாமாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள்ல நெறைய பேரு ஒங்க தோட்டத்து லய வீடுகள்ல இருந்தே மொத ஆளா கெம்பஸ் போறீங்க, பேராதனைக்கு, பதுளையில ஊவா வெல்லஸ்ஸவுக்கு, யாழ்ப்பாணத்துக்குன்னு. கோயில்ல மாலை போட்டாங்க, தோட்டமே சந்தோசப்பட்டுச்சு. ஆனா அங்க போனதும் லெக்சர் இங்கிலீஷ்ல ஓடும், ரூம்ல மத்தவங்க சிங்களத்துல பேசிக்குவாங்க, மகாபொல ஸ்கொலர்ஷிப் காசு கைக்கு வர நாளாகும், மொத செமஸ்டர்லயே ஒரு பாடம் ஃபெயிலாயிரும், அந்த நேரம் பாத்து பறிச்ச தேயிலைக் கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு வந்து அம்மா ஃபோன் எடுப்பாங்க, நீங்க "நல்லா இருக்கேம்மா"ன்னு சொல்லி வச்சிருவீங்க. அவங்க கஷ்டத்துக்கு மேல நம்ம கஷ்டம் எதுக்குன்னு நெனக்கிறது பாசம்தான், எனக்குப் புரியுது, ஆனா அதுலதான் பிள்ளைங்க தனியாகிப் போறாங்க.

கவலை எல்லாருக்கும் வரும், போகும். ஆனா 2 கிழமைக்கு மேல தெனமும் மனசு கனத்துக்கிட்டு, தூக்கம் சாப்பாடு கெட்டு, பிடிச்சதுல கூட ஆசை இல்லாமப் போனா அது சோம்பேறித்தனம் இல்ல, செய்வினையும் இல்ல, டிப்ரெஷன்னு சொல்ற மன அழுத்த நோயா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு. கெம்பஸ்ல மாணவ ஆலோசகர் இருப்பாங்க, ஹெல்த் சென்டர் இருக்கு, அங்க இருந்து அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு அனுப்புவாங்க, காசு கட்ட வேண்டியதில்ல. மருந்து குடுத்தா வேலை செய்ய சில கிழமை எடுக்கும், 3 நாள்ல சரியாகலன்னு நீங்களா நிப்பாட்டிராதீங்க, டொக்டர்கிட்ட கேளுங்க.

ராத்திரியில பேச யாரும் இல்லன்னா 1926ங்குற நம்பருக்கு ஃபோன் எடுங்க, 24 மணி நேரமும் ஆள் இருக்கும், தமிழ்லயே பேசலாம். அது அங்கொடையில உள்ள தேசிய மனநல நிறுவனத்தோட லைன். ஆமா, நம்ம ஊர்ல "அங்கொடைக்கு அனுப்பணும்"னு கேலி பண்ணுவாங்களே அதே எடம்தான், அந்தக் கேலியாலயே எத்தன பேரு வாயத் தொறக்காம இருக்காங்க, தயவு செஞ்சு வீட்ல அப்பிடி பேசாதீங்க. செத்துரலாம்னு நெனப்பு வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, பக்கத்து ரூம் ஆள எழுப்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. போலிஸ் கேஸ் ஆகிரும்னு பயப்படுறவங்க இருக்காங்க, தற்கொலை முயற்சிய குற்றமா பாக்குற சட்டத்த 1998லயே எடுத்துட்டாங்க.

அதே வருசம்தான், புதுசா வர்ற பிள்ளைகள சீனியர்மாரு வதைக்கிற ரேகிங்குக்கு எதிரா சட்டமும் வந்துச்சு. சீனியர்னா பொறுத்துக்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அம்மா அப்பாமாரே, ஃபோன்ல "படிக்கிறியா, சாப்பிட்டியா"வோட நிப்பாட்டாம "ராத்திரி தூக்கம் வருதா, பேச யாராவது இருக்காங்களா"ன்னும் கேளுங்க. பிள்ளை "முடியலம்மா"ன்னு அழுதா உடனே "ஒன்ன நம்பித்தானே இருக்கோம்"னு சொல்லிராதீங்க, மொதல்ல அது பேசி முடிக்கட்டும். ஒரு பாடத்த திரும்ப எழுதலாம், தேவைன்னா லீவு கேட்டுட்டு அடுத்த வருசம் தொடரவும் வழி இருக்கும், அத ஃபெகல்ட்டில போய் கேளுங்க.

கூட்டம் முடிஞ்சதும் நான் பின்பக்கம் உக்காந்திருப்பேன், எல்லார் முன்னாடியும் கேக்க முடியாதவங்க அங்க வாங்க.